ஈரலுக்கு எந்த எண்ணெய்

"எந்த எண்ணெய் நல்லது?" என்று யாராவது கேட்டால் இப்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கல்யாண வீடோ சாவு வீடோ, நான் செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டுவிடுவார்கள். என் வேலை அப்படி. திருமழிசை தொழிற்பேட்டையில் சமையல் எண்ணெயைப் பாக்கெட்டில் அடைக்கும் ஒரு கம்பெனியின் பரிசோதனைக் கூடத்தில் இருபத்திரண்டு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். டேங்கர் லாரி உள்ளே வந்ததும் ஒரு சின்ன பாட்டிலில் எண்ணெயைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். நான் அதை மெஷினில் ஏற்றி, எந்தக் கொழுப்பு அமிலம் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் லாரி காலியாகும். பாமிடிக், ஸ்டியரிக், ஒலியிக், லினோலியிக். இந்த நாலு பேரும் எனக்கு எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்களைவிட நெருக்கம். திரையில் முகடு முகடாக எழும்பும் கோட்டைப் பார்த்தே இது கடலை எண்ணெய், இது பாமாயில், இது சூரியகாந்தி என்ற பெயரில் வந்திருக்கும் கலப்படம் என்று சொல்லிவிடுவேன். எங்கள் குடும்பத்துக்கு இதில் ரொம்பப் பெருமை. அந்தப் பெருமை என்ன செய்தது என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

என் அண்ணன் என்னைவிட இரண்டு வயது மூத்தவன். நான் அவனை நீ, வா, போ என்றுதான் பேசுவேன். செம்பரம்பாக்கத்தில் அப்பா கட்டிய வீட்டில் அண்ணியோடு இருக்கிறான். வேலப்பன்சாவடிப் பக்கம் ஒரு கல்லூரிக்குப் பஸ் ஓட்டினான். ஆவடியில் ஆரம்பித்து அம்பத்தூர் சுற்றிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வருவது அவன் வழித்தடம். காலையில் பஸ்ஸை எடுப்பதற்கு முன் டிரைவர்கள் எல்லோரும் வாசலில் காவலாளி நீட்டும் கருவியில் வாயை வைத்து ஊத வேண்டும். குடித்திருந்தால் அது காட்டிக்கொடுத்துவிடும். அண்ணன் பதினேழு வருடம் ஊதினான், ஒரு நாள்கூட அது சத்தம் போட்டதில்லை. தீபாவளிக்கு மறுநாளும் முதல் ஆளாகப் போய் நின்று ஊதுவான்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அவனுக்கு ஈரலில் புற்றுநோய் என்று தெரிந்த நாளிலிருந்து நாங்கள் போன இடத்திலெல்லாம் எங்களிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான். ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிறவர் தலையைத் தூக்காமலே கேட்டார்.

"எத்தினி வருஷமா குடிக்கிறாரு?"

"குடிக்க மாட்டார்."

"எப்பவாச்சும்?"

"எப்பவும் இல்ல."

"அப்புறம் எப்டிம்மா ஈரல்ல வரும்?"

"அதைக் கேக்கத்தான் சார் உங்க ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கோம்" என்றேன். அண்ணி என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். சொந்தக்காரர்களும் அப்படித்தான். வாயால் இல்லை என்று ஒத்துக்கொள்வார்கள், முகம் ஒத்துக்கொள்ளாது. ஒரு சித்தப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "டிரைவருங்க வெளிய தெரியாம சாப்புடுவாங்கம்மா" என்றார். அந்த ஆளை அங்கேயே நாலு கேள்வி கேட்டிருக்க வேண்டும். பெரியவர் என்று விட்டுவிட்டேன், இன்றைக்கும் ஆறவில்லை.

ஆனால் சித்தப்பாமேல் வருகிற கோபத்தைவிட என்மேல் எனக்கு வருகிற கோபம் பெரியது. அது நாலு வருடத்துக்கு முந்தைய கதை. கல்லூரியில் ஊழியர்களுக்கு மருத்துவ முகாம் போட்டார்கள். வயிற்றை ஸ்கேன் செய்து பார்த்து அண்ணனுக்கு ஈரலில் கொழுப்பு சேர்ந்திருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார்கள். அப்போது அவனுக்குத் தொப்பை நன்றாகவே இருந்தது. அவன் அந்தச் சீட்டைப் போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டு, "பாப்பா, இன்னா இது, பாத்து சொல்லு" என்று எழுதியிருந்தான். பாப்பா என்றால் நான்தான், நாற்பத்தேழு வயது பாப்பா.

நான் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பரிசோதனைக் கூடத்தின் பின்வாசலில் நின்றுகொண்டு ஒரு குரல் பதிவு அனுப்பினேன். "ண்ணா, ஈரல்ல கொழுப்பு சேர்ந்திருக்குன்னா அது வாய் வழியாத்தான் உள்ள போயிருக்கும். இன்னிலேர்ந்து எண்ணெயை அறவே நிறுத்து. வறுவல் கூடாது, பொரியல் கூடாது, தாளிக்கவும் கூடாது. எண்ணெய் நிறுத்தினா ஈரல் தானா சுத்தமாயிடும். அண்ணி, நீங்க கேட்டுக்கோங்க." சொல்லும்போது என் குரலில் இருந்த அதிகாரம் எனக்கே பிடித்திருந்தது. நான் டாக்டர் இல்லை, சத்துணவு படித்தவளும் இல்லை. பாட்டிலில் இருக்கும் எண்ணெயைப் பற்றித் தெரிந்த ஒருத்தி, வயிற்றுக்குள் போன எண்ணெயைப் பற்றியும் தனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். அவ்வளவுதான்.

என் அண்ணி எதையும் அரைகுறையாகச் செய்யாதவள். அன்றைக்குச் சாயங்காலமே இருந்த எண்ணெயை எதிர்வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். கடுகை வெறும் வாணலியில் வெடிக்க வைத்தாள். தோசையை ஒட்டாத கல்லில் வறட்டு வறட்டென்று எடுத்தாள். கருவாட்டைக்கூடக் கழுவிக் குழம்பில்தான் போட்டாள், வறுத்துக் கொடுத்ததில்லை. உறவுக்காரர்கள் வந்தால், "எங்க ஊட்ல எண்ணெயே கெடையாது, எங்க நாத்தனார் சொல்லிக்கீது" என்று சொல்லிச் சொல்லி மகிழ்ந்தாள்.

எண்ணெய் இல்லாத சாப்பாடு வயிற்றில் நிற்கவில்லை. ஒரு மணி நேரத்தில் அண்ணனுக்குப் பசித்தது. சோற்றை ஒரு கரண்டி கூடப் போட்டுக்கொண்டான், ரசத்தை ஊற்றிக்கொண்டான். பஸ்ஸை நிறுத்தும் இடத்தில் டீ, சர்க்கரை தூக்கலாக. டீக்கு ரஸ்க், பிஸ்கட். வெயிலில் மாம்பழச் சாறு என்று பாட்டிலில் விற்கிறார்களே அது. எதிலும் எண்ணெய் கண்ணுக்குத் தெரியவில்லை என்பதால் எல்லாமே அவனுக்குப் பத்தியச் சாப்பாடு ஆகிவிட்டது. பிஸ்கட் எதில் செய்கிறார்கள் என்று எனக்குத் தெரியும், என் கம்பெனியிலிருந்தே பாமாயில் டின் டின்னாகப் போகிறது. அவன் என்னிடம் கேட்கவில்லை, நானும் அவன் டீயோடு என்ன சாப்பிடுகிறான் என்று கேட்கவில்லை. இரண்டாவது வருடம் சர்க்கரை நோய் வந்தது. நாலாவது வருடம் உடம்பு மெலிய ஆரம்பித்தபோது எல்லோரும் எண்ணெய் நிறுத்தியதன் பலன் என்று கொண்டாடினோம். பிறகு ஒரு நாள் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது கால் தளர்ந்து படியிலேயே உட்கார்ந்துவிட்டான். மறுபடியும் ஸ்கேன். இந்த முறை கட்டி.

பெரிய டாக்டர் நல்ல மனிதர், நிதானமாகப் பேசினார். கட்டி ஒன்றுதான், ஈரலின் ஓரத்தில் இருக்கிறது, வெட்டி எடுக்க வாய்ப்பு இருக்கிறது என்றார். எங்களுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அடுத்த வாக்கியத்தில் அவரே அதைப் பாதி எடுத்துக்கொண்டார். அண்ணனை ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு ஐந்து தடவை எழுந்து உட்காரச் சொன்னார். அண்ணன் மூன்று தடவை எழுந்தான். நாலாவது தடவை எழ முயன்று பின்னால் சாய்ந்து, "உக்காந்தே பழக்கம் சார், டிரைவர் இல்லியா" என்று சிரித்தான்.

"சதை கரைஞ்சு போயிருக்கு" என்றார் டாக்டர். "இந்த உடம்புல கத்தி வெச்சா தாங்காது. அஞ்சு வாரம் டைம் தர்றேன். நல்லா சாப்பிட்டு உடம்பைத் தேத்திக்கிட்டு வாங்க. தேறினா ஆபரேஷன். தேறலைன்னா வேற வழிதான் பார்க்கணும், ஆனா இது மாதிரி இருக்காது."

அங்கிருந்து உணவு ஆலோசகரிடம் அனுப்பினார்கள். என் மகள் வயதுப் பெண். அண்ணன் இத்தனை நாள் என்ன சாப்பிட்டான் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டாள். எண்ணெயே இல்லை என்று அண்ணி பெருமையாகச் சொன்னதும் பேனாவை நிறுத்தினாள்.

"எண்ணெய் ஊத்தலைன்னா ஈரல் சும்மா இருக்கும்னு நெனச்சீங்களா? சோறு, சர்க்கரை, ஜூஸ் எல்லாம் மிஞ்சிப் போனா அதுவே உக்காந்து கொழுப்பாக்கிக்கும்மா. ஈரலே ஒரு எண்ணெய் மில்லுதான். யாரு உங்களுக்கு இப்படிச் சொன்னது?"

அண்ணி என்னைப் பார்த்தாள். காட்டிக்கொடுக்கவெல்லாம் இல்லை, பதில் சொல்வேன் என்று எதிர்பார்த்துத்தான் பார்த்தாள். நான் அந்தப் பெண்ணிடம், ஈரல் செய்கிற கொழுப்பு எந்த வகை என்று மட்டும் கேட்டேன். "பெரும்பாலும் பாமிடிக்" என்றாள். தினமும் காலையில் பாமாயிலை ஏற்றியதும் மெஷினில் முதல் பெரிய முகடாக எழும்புகிறதே, அதே பாமிடிக். எண்ணெயே தொடாத என் அண்ணனின் வயிற்றுக்குள் நாலு வருடமாக அதுதான் உற்பத்தியாகிக்கொண்டு இருந்திருக்கிறது. அவள் எழுதிக் கொடுத்த தாளை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

பெரிய டாக்டரிடம் திரும்பப் போய், "எண்ணெயை நிறுத்தினதாலதான் இப்படி ஆச்சா சார்?" என்று கேட்டேன். அப்படிச் சொல்ல முடியாது என்றார். எண்ணெயால் வந்தது என்றும் சொல்ல முடியாது, அது இல்லாததால் வந்தது என்றும் சொல்ல முடியாது, சர்க்கரை நோய் இருக்கிறது, தொப்பை இருந்தது, பரம்பரையும் இருக்கலாம் என்றார். நான் விடவில்லை. அன்றிலிருந்து மதிய இடைவேளையில் கம்பெனிக் கம்ப்யூட்டரில் ஆராய்ச்சிக் கட்டுரைகளாகத் தேடித் தேடிப் படித்தேன். ஒருவர் பாமிடிக் மாதிரி நிறைவுற்ற கொழுப்பு கட்டிக்குத் தீனி என்கிறார். இன்னொருவர் நாம் நல்லது என்று நம்பும் லினோலியிக்கையே சந்தேகப்படுகிறார். மீன் எண்ணெயை ஒருவர் தூக்கி வைக்கிறார், அடுத்தவர் பெரிதாக ஒன்றும் காணோம் என்கிறார். முக்கால்வாசி எலிகளை வைத்துச் செய்தது. எலி டீக்கு ரஸ்க் தொட்டுக்கொள்வதில்லை. இருபத்திரண்டு வருடமாக நான் தசமப் புள்ளிக்குப் பிறகு இரண்டு இலக்கம் வரை அளந்து கையெழுத்துப் போட்ட அதே அமிலங்கள், ஒரு மனுஷனின் ஈரலில் என்ன செய்யும் என்று கேட்டால் ஒருத்தரிடமும் ஒரு வரிப் பதில் இல்லை. எரிச்சலில் ஒரு நாள் மவுஸைத் தட்டியதில் அது கீழே விழுந்து உடைந்தது.

சரி, காரணம் கிடக்கட்டும், ஐந்து வாரத்தில் உடம்பைத் தேற்றுவோம் என்று செம்பரம்பாக்கத்துக்குப் போனேன். அங்கே அண்ணி எண்ணெயைத் தொட மாட்டேன் என்றாள்.

"கட்டிக்கு கொழுப்புதான் தீனியாம். பட்டினி போட்டா அது தானா சுருங்கிடுமாம். வீடியோல ஒரு டாக்டரு சொல்றாரு" என்றாள்.

"அவன் டாக்டரே இல்ல அண்ணி. பட்டினி போட்டா முதல்ல சுருங்குறது இவன்தான். ஆஸ்பத்திரியில சொன்னாங்களே, முட்டை, பருப்பு, தயிரு, வேர்க்கடலை, அளவா எண்ணெய்…"

"அன்னிக்கு நீதான சொன்ன?" என்று கைப்பேசியை எடுத்தாள். நாலு வருடத்துக்கு முந்தைய என் குரல் பதிவைப் பத்திரமாக நட்சத்திரம் போட்டு வைத்திருந்தாள். போட்டுக் காட்டினாள். எண்ணெயை அறவே நிறுத்து என்று நான் சமையலறை நடுவில் நின்று எனக்கே உத்தரவு போட்டேன். பாதியிலேயே, "போதும் அண்ணி, நிறுத்துங்க" என்றேன். "நான் சொன்னது தப்பு. எனக்கு அப்போ தெரியல."

"அப்போ சொன்னது தப்புன்னா, இப்போ சொல்றது தப்பில்லன்னு எப்டி தெரியும்?"

சண்டைக்காகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். பதில் இல்லாத ஆத்திரத்தில் நான் சத்தம்தான் போட்டேன். அவளும் போட்டாள். அண்ணன் கூடத்தில் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, இரண்டு பேரில் யார் ஜெயிக்கிறார்களோ அவர்கள் போடுவதைச் சாப்பிடலாம் என்று காத்திருந்தான்.

இதற்கு நடுவில் பார்க்க வந்த ஆட்கள். மற்ற நோயாளி வீட்டுக்கு ஆப்பிளும் ஹார்லிக்ஸும் போகும். எங்கள் வீட்டுக்கு எண்ணெய் வந்தது. ஈரலுக்குக் கெட்ட எண்ணெய்தான் காரணம், நல்ல எண்ணெய் மாற்றினால் சரியாகிவிடும் என்று யார் கிளப்பிவிட்டார்களோ தெரியவில்லை. மரச்செக்கு நல்லெண்ணெய், மரச்செக்குக் கடலை எண்ணெய், கேரளத்திலிருந்து ஒரு தேங்காயெண்ணெய், தவிட்டெண்ணெய், ஆளிவிதை எண்ணெய். எங்கள் குடியிருப்பில் இருக்கும் ஐ.டி. தம்பதி ஆலிவ் எண்ணெயை என்னிடம் கொடுத்தனுப்பினார்கள். பஸ் டிரைவர்கள் நாலு பேர் சேர்ந்து அஞ்சு லிட்டர் கேனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். "மாமே, இத்த ஒரு மாசம் ஊத்தி சாப்டு. எங்க மச்சான் ஒர்த்தனுக்கு இதுலயே சரியாப் போச்சு" என்றார் ஒருவர். அந்த மச்சானுக்கு என்ன வியாதி என்று கேட்டேன். "முட்டி வலி" என்றார். அண்ணன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எல்லா பாட்டிலையும் அண்ணி ஷெல்ஃபில் வரிசையாக வைத்தாள், ஒன்றையும் திறக்கவில்லை.

இரண்டாவது வாரத்தில் என் பிடிவாதம் ஜெயித்தது. தினமும் வேலை முடிந்து திருமழிசையில் பஸ் ஏறி நேராகச் செம்பரம்பாக்கத்துக்குப் போய் அடுப்புக்கு முன்னால் நானே நின்றேன். ஆலோசகர் கொடுத்த தாளில் எண்ணெய் என்று இருந்த வரியைப் பத்து தடவை படித்து, ஸ்பூனால் அளந்து ஊற்றினேன். முட்டையைப் பொரித்தேன். பருப்பை நன்றாகத் தாளித்தேன். அண்ணன் மெதுவாகச் சாப்பிட்டான், பாதியில் கையை எடுத்தான். வாய்க்கு ருசியாக இருந்தால் உள்ளே போகுமே என்று அண்ணியே ஒரு வழி கண்டுபிடித்தாள். கருவாடு வறுத்தாள், அப்பளம் பொரித்தாள், எலுமிச்சை ஊறுகாய் வைத்தாள். எண்ணெயைப் பற்றிய பயம் போய்விட்டதே என்று எனக்கு ஒரே சந்தோஷம். "பாத்தியா, அண்ணி வழிக்கு வந்துட்டாங்க" என்று அண்ணனிடம் சொன்னேன். அவன் அப்பளத்தை உடைத்துச் சோற்றோடு பிசைந்து வாயில் போட்டுக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எடை. தெருமுனை அரிசிக் கடையில் மூட்டை நிறுக்கும் இரும்புத் தராசு இருந்தது. அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு அதன்மேல் ஏறி நிற்பான். கடைக்காரர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு சத்தமாகப் படிப்பார். முதல் வாரம் ஐம்பத்தெட்டு. இரண்டாவது வாரம் அரைக் கிலோ குறைந்தது, கடையில் நின்றிருந்த பெண்கள் உச்சுக் கொட்டினார்கள். மூன்றாவது வாரம் ஐம்பத்தொன்பதரை. நாலாவது வாரம் அறுபத்தொன்று. "அண்ணாத்தே, மூட்டை ஏறிகினே போவுது!" என்று கடைக்காரர் கத்தினார். அண்ணி அங்கேயே கன்னத்தில் போட்டுக்கொண்டு கும்பிட்டாள்.

நானும் கும்பிடாத குறைதான். எண் ஏறினால் எனக்குப் போதும், அதுதான் என் தொழில். பேண்ட் பொத்தான் சேரவில்லை என்று அண்ணன் லுங்கிக்கு மாறியதை நல்ல செய்தியாக எல்லோருக்கும் சொன்னோம். செருப்பின் வார் பாதத்தில் பள்ளமாகப் பதிந்திருந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். சதை பிடிக்கிறது என்று நினைத்தேன். ஐந்தாவது வாரம் அறுபத்து மூன்றரை. அன்றைக்குப் பூந்தமல்லியில் இருக்கும் என் வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, செய்த தப்பை நாமே சரி செய்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டேன். பல மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் நிம்மதியாக மூச்சு விட்டேன்.

டாக்டர் எடையைப் பார்த்துவிட்டுப் புருவத்தைத் தூக்கினார். நாற்காலியில் உட்காரச் சொன்னார். அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு எழுந்தான். அண்ணி வாய்க்குள் எண்ணினாள், நானும் எண்ணினேன். மூன்றாவதில் மூச்சு வாங்கியது. நாலாவதில் பாதி எழுந்து உட்கார்ந்துவிட்டான். போன தடவையைவிட முன்னேற்றம் என்று சொல்ல நான் வாயெடுத்தேன். டாக்டர் அவனைப் படுக்கச் சொன்னார். வயிற்றின் மேல் விரலை வைத்து இன்னொரு விரலால் தட்டினார். ஒருக்களித்துப் படுக்க வைத்து மறுபடியும் தட்டினார். பிறகு லுங்கியைச் சற்று விலக்கி முழங்காலுக்குக் கீழே கட்டை விரலால் அழுத்தி எடுத்தார். அழுத்திய இடம் குழியாகவே இருந்தது.

"இது சதை இல்லம்மா, தண்ணி" என்றார். "வயித்துலயும் கால்லயும் தண்ணி கோத்திருக்கு. எடை ஏறினது அதுதான். உள்ள சதை இன்னும் குறைஞ்சிருக்கு. உப்பு எவ்வளவு போடுறீங்க?"

நான் கைப்பையிலிருந்து அந்தத் தாளை எடுத்துப் பார்த்தேன். எண்ணெய் என்ற வரிக்கு நேர் கீழே இருந்தது. உப்பை மிகக் குறைக்கவும், அப்பளம், ஊறுகாய், கருவாடு கூடாது, கால் வீங்கினால் உடனே வரவும். அந்தப் பெண் அழகான கையெழுத்தில் அடிக்கோடு போட்டு எழுதியிருந்தாள். எண்ணெய் வரியைப் பத்து தடவை படித்தவள் அடுத்த வரிக்குக் கண்ணை இறக்கவில்லை. தெரிந்த விஷயம் ஒன்று இருந்துவிட்டால் தெரியாத விஷயம் கண்ணில் படாது போலிருக்கிறது. என்னை நானே அறைந்துகொள்ள வேண்டும் போல இருந்தது, ஆஸ்பத்திரியில் அதையும் செய்ய முடியாது.

"உப்பு மட்டும்தான் காரணம்னு சொல்ல மாட்டேன். ஈரல் கெட்டிருக்கு, தண்ணி எப்படியும் சேர்ந்திருக்கலாம்" என்றார் டாக்டர், என் முகத்தைப் பார்த்துவிட்டோ என்னவோ. "ஆனா இப்போ ஆபரேஷன் முடியாது. முதல்ல தண்ணியை எடுக்கணும், மாத்திரை தர்றேன். அப்புறம் கட்டிக்கு வேற என்ன பண்ணலாம்னு பார்ப்போம்." வெட்டி எடுக்கலாம் என்று சொன்ன கட்டி, இனி என்ன செய்யலாம் என்று பார்க்கும் கட்டியாகிவிட்டது. இவ்வளவும் சொல்லி முடிக்க அவருக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. வெளியே கூட்டம் காத்திருந்தது.

நடைபாதையில் பெஞ்சில் உட்கார்ந்தோம். யாராவது என்னைத் திட்டுவார்கள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அண்ணிக்கு அவள் அம்மாவிடமிருந்து போன் வந்தது. அழுதுகொண்டே சொன்னாள்: "எல்லாம் கரெக்டாத்தாம்மா செஞ்சோம். எங்க நாத்தனார் சொன்னதுல ஒரு இம்மி மாத்தல. வேல முடிச்சி வந்து, அதுவே அடுப்பண்ட நின்னு செஞ்சிதும்மா." என்னைக் குறை சொல்லும் எண்ணம் அவளுக்குத் துளியும் இல்லை. போனை வைத்துவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். "சரி, இனிமே இன்னா குடுக்கணும் சொல்லு. எந்த எண்ணெயின்னாலும் சொல்லு, அப்டியே செய்றேன்."

எனக்கு வாய் வரை ஏதோ வந்தது. உப்பில்லாத பருப்பு, வெள்ளைக்கரு, ஒரு ஸ்பூன் இது, அரை ஸ்பூன் அது. வழக்கம்போல அதிகாரமாகச் சொல்லியிருப்பேன். முழுங்கிக்கொண்டேன்.

"எனக்குத் தெரியாது அண்ணி" என்றேன். அவள் நம்பாமல் பார்த்தாள். "சத்தியமா தெரியாது. அந்தப் பொண்ணுகிட்ட மறுபடியும் போய் கேப்போம், அவ எழுதினதை முழுசா படிப்போம். அதுக்கு முன்னால அண்ணனைக் கேளுங்க. அவனுக்கு என்ன சாப்பிடணும்னு இருக்குன்னு கேளுங்க."

அண்ணி அவனைக் கேட்டாள். இத்தனை வருடத்தில் நாங்கள் இரண்டு பேரும் அவனிடம் கேட்காத கேள்வி அது. அவன் எதிர்ச்சுவரைப் பார்த்தபடி, யாருக்கும் மனசு நோகக் கூடாதே என்பதுபோல மெதுவாகச் சொன்னான்.

"எனக்கு ரெண்டு மாசமா பசியே இல்ல பாப்பா. நீங்க ரெண்டு பேரும் சண்ட போட்டுக்கினு கீறீங்களேன்னு துன்னுகினு இருந்தேன்."